மறைந்திருக்கும் வேலி: ஆங்கில நாட்டுப்புறத் தோட்டங்களும் கவிஞர்களும்

ஆங்கில நாட்டுப்புறத்தின் பழைய மாளிகை ஒன்றின் முன்னே நின்று நோக்குபவர் கண்ணுக்குப் புல்வெளி தடையின்றி விரிந்து, தொலைவிலுள்ள குன்றோடு கலந்துவிடுவதாகத் தோன்றும். அப்பால் ஆடுகள் மேயும். அவை மாளிகையின் படிவரை வருவதற்குத் தடையேதும் இல்லை போலிருக்கும். ஆயினும் அவை வருவதில்லை. காரணம், கண்ணுக்குப் புலப்படாத ஓர் அகழி. அதன் மாளிகைப் பக்கம் செங்குத்தான சுவர். மறுபக்கம் சரிந்திறங்கும் புல்தரை. மாளிகையிலிருந்து பார்ப்பவருக்குச் சுவரும் தெரியாது, பள்ளமும் தெரியாது. அருகில் வந்ததும் திடுக்கிட்டு நிற்பவர் வாயினின்று எழும் ஒலியே இதற்குப் பெயராயிற்று என்பர்: 'ஹா-ஹா'. பிரெஞ்சு நாட்டில் தோன்றிய இவ்வுத்தி 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தில் வேரூன்றி, அந்நாட்டுத் தோட்டக் கலையின் முகத்தையே மாற்றியது.

இங்கிலாந்தின் நிலத்தோற்றத் தோட்டங்களை இயற்கையின் கொடை என்றே பலரும் எண்ணுவர். உண்மையில் அவை எழுதப்பட்டவை. முதலில் கவிஞர் சொல்லில் உருவாகி, பிறகு மண்வெட்டியால் மண்ணில் எழுதப்பட்டவை. அவ்வெழுத்தில் வேலி அகற்றப்படவில்லை, மறைக்கப்பட்டது. மறைந்த வேலிக்கு உள்ளே நின்று பாடிய கவிஞரும் உண்டு. வெளியே நின்று அழுத கவிஞரும் உண்டு. இருவரையும் சேர்த்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

போப்பின் ஐந்து ஏக்கர்

17ஆம் நூற்றாண்டின் இறுதிவரை இங்கிலாந்தின் பெருந்தோட்டங்கள் பிரெஞ்சு, டச்சு முறைகளைப் பின்பற்றியவை. நேர்கோட்டுப் பாதைகளும் அளந்து வகுத்த பாத்திகளும் பறவையாகவும் விலங்காகவும் கத்தரிக்கப்பட்ட செடிகளும் அவற்றின் அழகு. இவ்வழக்கத்தை எள்ளி நகையாடி 1713இல் 'கார்டியன்' இதழில் எழுதியவர் அலெக்சாண்டர் போப். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

போப் கத்தோலிக்கர். அக்காலச் சட்டங்கள் கத்தோலிக்கர் நிலம் வாங்குவதற்கும் இலண்டனுக்கு அருகில் வாழ்வதற்கும் தடை விதித்திருந்தன. இளமையில் தாக்கிய முதுகெலும்பு நோயால் உடல் கூனிக் குறுகியவர் வேறு. அவர் 1719இல் தேம்ஸ் ஆற்றங்கரையில் ட்விக்கன்ஹாம் என்னும் ஊரில் ஒரு வீட்டைக் குத்தகைக்கு எடுத்தார். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவே சாலை ஓடியது. சாலைக்கு அடியில் ஒரு சுரங்க வழி அமைத்து, அதனைச் சிப்பிகளாலும் கனிமக் கற்களாலும் அணி செய்தார். ஏறத்தாழ ஐந்து ஏக்கர் பரப்பில் ஒளியும் நிழலும் மாறி மாறி வரும் தோட்டம் எழுந்தது. அதன் கடைக்கோடியில் தம் தாயின் நினைவாக ஒரு கற்றூணை நிறுத்தினார்.

நிலம் சொந்தமில்லாத ஒருவர்தாம் ஆங்கிலேயருக்கு நிலத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார் என்பது எண்ணத்தக்கது. 1731இல் பர்லிங்டன் பிரபுவுக்கு எழுதிய செய்யுள் மடலில், ஒவ்வோர் இடத்துக்கும் உரிய இயல்பைக் கேட்டறிந்து அதன்வழி நடப்பதே தோட்டக் கலை என்னும் கருத்தை அவர் நிறுவினார். அம்மடல் அடுத்த தலைமுறைக்கு இலக்கணமாயிற்று. போப் 1744இல் மறைந்தார். 1808இல் அவ்வீட்டின் அப்போதைய உரிமையாளர் அதனை இடித்துவிட்டார். சுரங்கக் குகை மட்டும் எஞ்சியது.

அரசியல் பேசிய தோட்டம்

போப் தம் மடலில் எடுத்துக்காட்டாகச் சுட்டிய தோட்டங்களுள் ஒன்று பக்கிங்ஹாம்ஷயரில் உள்ள ஸ்டோவ். அதன் உரிமையாளர் கொப்ஹாம் பிரபு ஒரு படைத்தலைவர். முதலில் சார்லஸ் பிரிட்ஜ்மன் என்பவர் அங்கே ஹா-ஹா அகழியை வெட்டி, தோட்டத்தின் எல்லையை மறைத்தார். 1730களில் வந்த வில்லியம் கெண்ட் அடுத்த அடியை எடுத்துவைத்தார். இத்தாலியில் பத்தாண்டு ஓவியம் பயின்று திரும்பியவர் அவர். கெண்ட் வேலியைத் தாண்டிச் சென்று இயற்கை முழுவதையும் தோட்டமாகக் கண்டார் என்னும் பொருள்பட ஹொரேஸ் வால்போல் பின்னாளில் அவரைப் பாராட்டினார்.

ஸ்டோவ் கண்ணுக்கு விருந்து மட்டுமன்று. அது ஓர் அரசியல் நூல். 1733இல் புதிய வரித்திட்டம் ஒன்றை எதிர்த்ததால், முதன்மை அமைச்சர் ராபர்ட் வால்போலின் பகையைத் தேடிக்கொண்டு தம் படைப்பிரிவையே இழந்தவர் கொப்ஹாம். அவருடைய சினம் கல்லாக நின்றது. 'பண்டை அறத்தின் கோயில்' என்னும் வட்ட மண்டபத்தில் ஹோமர், சாக்ரடீஸ், லைகர்கஸ், எபமினாண்டஸ் ஆகிய கிரேக்கர் நால்வரின் சிலைகள் இடம்பெற்றன. அதன் அருகிலேயே 'இன்றைய அறத்தின் கோயில்' எழுந்தது. அது கட்டும்போதே இடிபாடாகக் கட்டப்பட்டது. அதில் நின்றது தலையற்ற ஒரு சிலை. அக்காலத்தவர்க்கு உரை தேவைப்படவில்லை.

இவற்றுக்கு எதிரே, நீரோடைக்கு அப்பால், 'பிரிட்டானியச் சான்றோர் கோயில்' வளைந்த சுவராக நிற்கிறது. அதில் பதினாறு மார்பளவுச் சிலைகள். செயலால் உயர்ந்தோர் எண்மர். சிந்தனையால் உயர்ந்தோர் எண்மர். ஷேக்ஸ்பியர், மில்டன், நியூட்டன், லாக் ஆகியோருடன் போப்பும் அங்கே இருக்கிறார். பெண்களில் எலிசபெத் அரசி ஒருவருக்கே இடம் கிடைத்தது. கோயிலின் பின்புறத்தில் ஒரு பெரியவரின் நற்பண்புகளைப் போற்றும் நீண்ட கல்வெட்டு உண்டு. படித்து முடிக்கும்போதுதான் அவர் ஒரு வேட்டைநாய் என்பது விளங்கும். இத்தோட்டத்துக்கு 1744இலேயே பெண்டன் சீலி என்பவர் வழிகாட்டி நூல் அச்சிட்டு விற்றார். நூலைக் கையில் வைத்துக்கொண்டு தோட்டத்தைப் படிக்கும் வழக்கம் அவ்வாறு வளர்ந்தது.

வில்ட்ஷயரில் ஸ்டூர்ஹெட் என்னும் தோட்டம் இவ்வழக்கத்தின் உச்சம் எனலாம். வங்கி நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த ஹென்றி ஹோர், சிற்றாற்றை மறித்து ஏரியாக்கி, அதன் கரையைச் சுற்றிக் கோயில்களையும் குகையையும் அமைத்தார். வெர்ஜிலின் காப்பியத்தை நினைவூட்டும் குறிப்புகள் வழிநெடுக உண்டு. முதலில் எழுந்த பூத்தெய்வத்தின் கோயில் வாயிலில், உரிமையற்றோரை விலகி நிற்கச் சொல்லும் வெர்ஜிலின் அடி ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. அழகின் வாயிலில் அப்படியொரு சொல். அதைப் படிக்க இலத்தீன் தெரிய வேண்டும். தெரியாதவர் தாம் விலக்கப்பட்டதையும் அறியமாட்டார். இதுவும் ஒரு ஹா-ஹா அன்றோ?

ஆண்டுக்கு முந்நூறு பவுண்டு

பிரபுக்களும் வங்கியாளரும் செய்ததை, சிறுவருவாய் கொண்ட ஒரு கவிஞரும் செய்து பார்த்தார். அவர் வில்லியம் ஷென்ஸ்டன். பர்மிங்ஹாமுக்கு அருகே ஹேல்ஸோவனில் லீசோஸ் என்னும் பண்ணை அவருக்குத் தந்தைவழிச் சொத்து. ஆண்டு வருவாய் ஏறத்தாழ முந்நூறு பவுண்டு. பண்ணையைப் பண்ணையாகவே வைத்துக்கொண்டு, 1740கள் முதல் அதைச் சுற்றி ஒரு நடைபாதை வகுத்தார். காட்சி சிறக்கும் இடந்தோறும் இருக்கை; இருக்கைதோறும் ஒரு செய்யுள். இறந்த நண்பர்களின் பெயரால் கற்கலசங்கள் நிறுத்தினார். பருவங்களைப் பாடிய கவிஞர் ஜேம்ஸ் தாம்சனின் நினைவும் அங்கே போற்றப்பட்டது.

'நிலத்தோற்றத் தோட்டக் கலைஞர்' என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லாட்சியை வழங்கியவரே ஷென்ஸ்டன்தாம். அவருடைய தோட்டச் சிந்தனைகள் அவர் இறந்த மறு ஆண்டு, 1764இல், அச்சேறின. 1786இல் அமெரிக்காவின் ஜான் ஆடம்ஸும் தாமஸ் ஜெபர்சனும் ஸ்டோவையும் லீசோஸையும் ஒன்றாகச் சென்று பார்த்தனர். தோட்டத்தை அழகு செய்தே ஷென்ஸ்டன் தம்மை அழித்துக்கொண்டார் என்ற செய்தியை ஜெபர்சன் குறித்துவைத்தார். மழை ஒழுகும் வீட்டில் இருந்துகொண்டு அருவி சமைத்தவர் என்று இந்தக் கவிஞரை நாம் நினைவு கொள்ளலாம். இன்று லீசோஸின் பெரும்பகுதி யாவரும் நடக்கும் பொதுப்பூங்கா. கலசங்கள் இல்லை, அவர் வகுத்த பள்ளத்தாக்குகள் இருக்கின்றன.

நிறுத்தக்குறி இட்டவர்

1741இல் ஸ்டோவில் தோட்டத் தலைவராக அமர்ந்த ஓர் இளைஞர் லான்சிலாட் பிரவுன். எந்த நிலத்தைக் கண்டாலும் அதில் மேம்பாட்டுக்கு ஆற்றல் உண்டு என்று சொல்லும் வழக்கத்தால் 'ஆற்றல் பிரவுன்' என்னும் பொருளில் பட்டப்பெயர் பெற்றவர். 1783இல் இறக்கும்வரை 170க்கும் மேற்பட்ட தோட்டங்களில் அவர் கைபட்டது. கல்வெட்டும் சிலையும் அவருக்குத் தேவையில்லை. புல், நீர், மரம் மூன்றே போதும். எழுத்தாளர் ஹன்னா மோரிடம் அவர் தம் கலையை இலக்கியத்தோடு ஒப்பிட்டு விளக்கினார். ஓரிடத்தைக் காட்டி, இங்கே காற்புள்ளி இடுகிறேன். திருப்பம் வேண்டிய இடத்தில் வேறு குறி. காட்சி முடியும் இடத்தில் முற்றுப்புள்ளி என்றாராம். கவிஞரிடம் தொடங்கிய கலை, தன்னை எழுத்தாகவே இறுதிவரை எண்ணியது.

இவ்வெழுத்துக்கு மை எங்கிருந்து வந்தது என்பதையும் கேட்க வேண்டும். மதராஸ் கோட்டையில் 1698 முதல் 1709 வரை ஆளுநராக இருந்த தாமஸ் பிட், இந்தியாவில் வாங்கிய பெரிய வைரம் ஒன்றை 1717இல் பிரெஞ்சு அரசின் காவலருக்கு விற்றார். அச்செல்வத்தால் கார்ன்வாலில் பொக்கானக் என்னும் பண்ணை அவர் குடும்பத்துக்குச் சொந்தமாயிற்று. அவருடைய பேரன் வில்லியம் பிட், ஸ்டோவில் கூடிய அரசியல் இளைஞருள் ஒருவர். கொப்ஹாமின் மருமகளையே பின்னர் மணந்தவர். 1744இல் மதராசுக்கு எழுத்தராக வந்து, 1751இல் ஆர்க்காட்டுக் கோட்டையைப் பிடித்துப் புகழ்பெற்ற ராபர்ட் கிளைவ், 1769இல் சர்ரேயில் கிளேர்மான்ட் தோட்டத்தை விலைக்கு வாங்கினார். அங்கிருந்த மாளிகையை இடித்துப் புதியது கட்டும் பணியைப் பிரவுனிடம் ஒப்படைத்தார். அதில் நெடுநாள் வாழ அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை, 1774இல் இறந்தார். நேஷனல் டிரஸ்ட் என்னும் அறநிலை தன் பொறுப்பிலுள்ள 93 இடங்களுக்குக் குடியேற்ற ஆட்சியோடும் அடிமை வணிகத்தோடும் இருந்த தொடர்புகளை 2020இல் ஓர் அறிக்கையாக வெளியிட்டது. அவ்வறிக்கை அங்கே பெரும் வாதத்தை எழுப்பியது. அழகின் கணக்கைக் கேட்பது எவருக்கும் எளிதன்று.

அகற்றப்பட்ட ஊர்கள்

காட்சியை மறைத்தவை மரங்கள் மட்டுமல்ல, ஊர்களும் மறைத்தன. ஸ்டோவில் குடியானவர் வீடுகள் போயின. மாதா கோயில் மட்டும் இன்றும் மரச்செறிவினுள்ளே ஒளிந்து நிற்கிறது. ஆக்ஸ்போர்டுக்கு அருகே நூன்ஹம் கோர்ட்னி என்னும் ஊரை ஹார்கோர்ட் பிரபு 1760ஆம் ஆண்டையொட்டி முழுவதுமாகப் பெயர்த்துச் சாலையோரத்துக்கு மாற்றினார். புது வீடுகள் நல்ல வீடுகளே. ஆயினும் ஒரு முதியவள் தன் குடிசையை விட்டு வர மறுத்தாள்; அவள் மட்டும் வாழ்நாள் வரை அங்கேயே இருக்க விடப்பட்டாள்.

1770இல் ஆலிவர் கோல்ட்ஸ்மித் 'கைவிடப்பட்ட ஊர்' என்னும் தம் நெடும்பாட்டை வெளியிட்டார். அவர் மனத்தில் இருந்தது நூன்ஹம் என்பார் பலர். தாம் வளர்ந்த அயர்லாந்தின் சிற்றூர் என்பாரும் உண்டு. எவ்வாறாயினும், ஒரு தனிமனிதரின் காட்சி இன்பத்துக்காக ஒரு மக்கள் கூட்டம் வேர் பிடுங்கப்படுவதை ஆங்கிலக் கவிதை அதில் உரக்கக் கேள்வி கேட்டது.

ஊர்ப்பெயர்ச்சி சில இடங்களில் நடந்தது. அடைப்புச் சட்டங்களோ நாடெங்கும் நடந்தன. பொது மேய்ச்சல் நிலங்களையும் திறந்த வயல்களையும் தனியுடைமையாக்கி வேலியிடும் சட்டங்கள் இவை. 1604 முதல் 1914 வரை நாடாளுமன்றம் 5,200க்கும் மேற்பட்ட அடைப்புச் சட்டங்களை இயற்றியது. அவற்றுக்கு உட்பட்ட நிலம் ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர். இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். வேளாண்மை விளைச்சல் பெருக இது உதவியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு பசுவையும் நான்கு வாத்துகளையும் பொதுநிலத்தில் மேயவிட்டு வாழ்ந்த ஏழைக்கு, வேலியே பயிரை மேய்ந்த கதையாக அது முடிந்தது.

ஜான் கிளேர்

அந்த ஏழையின் குரலிலேயே இதைப் பாடுவதற்கு ஒருவர் பிறந்தார். ஜான் கிளேர் 1793இல் நார்தாம்ப்டன்ஷயரின் ஹெல்ப்ஸ்டன் என்னும் சிற்றூரில் தோன்றியவர். தந்தை கூலிக்குக் கதிரடிப்பவர். நாட்டுப்பாடல்கள் பல அறிந்தவர். கிளேர் இளமையில் அருகிலுள்ள பர்லி மாளிகையின் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பர்லியின் பூங்காவும் ஏரியும் பிரவுன் அமைத்தவை. ஆங்கிலத் தோட்டக் கலையின் பெரும்படைப்பு ஒன்றின் காய்கறித் தோட்டத்தில் மண் கொத்திய சிறுவர், அந்நாட்டின் இயற்கையை மிக நுண்மையாகக் கண்ட கவிஞராக வளர்ந்தார்.

1809இல் ஹெல்ப்ஸ்டன் பகுதிக்கு அடைப்புச் சட்டம் வந்தது. தாம் ஓடித் திரிந்த மேட்டுநிலங்கள் கட்டங்களாகத் துண்டாடப்படுவதைக் கிளேர் கண்டார். மரங்கள் வெட்டப்பட்டன, ஓடைகள் நேராக்கப்பட்டன, நடைபாதைகள் மூடப்பட்டன. கொடுமை என்னவென்றால், கூலிக்கு வேறு வழியின்றி அவரும் வேலியிடும் ஆட்களுள் ஒருவராகி, அந்த வேலிகளைத் தம் கையாலேயே நட்டார்.

1820இல் அவருடைய முதல் தொகுதி வெளிவந்தது. கீட்சின் பதிப்பாளரான ஜான் டெய்லர் அதனை வெளியிட்டார். ஓராண்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்றன. 'உழவர் கவிஞர்' என்று இலண்டன் அவரைக் கொண்டாடியது. கொண்டாட்டத்துக்கும் ஒரு வேலி இருந்தது. செல்வத்தைச் சபித்து அவர் எழுதிய அடிகள் புரவலரான ராட்ஸ்டாக் பிரபுவுக்கு உவப்பாக இல்லை. அவர் வற்புறுத்தலால் அடுத்த பதிப்புகளில் அவ்வடிகள் நீக்கப்பட்டன. பொதுநிலத்தின் அழிவைப் பாடிய அவருடைய மிகச்சிறந்த கவிதை அவர் வாழ்நாளில் அச்சேறவே இல்லை.

ஈண்டு பிரவுனின் காற்புள்ளியை மீண்டும் நினைவுகூரலாம். கிளேரின் கையெழுத்துப் படிகளில் நிறுத்தக்குறிகள் பெரும்பாலும் இல்லை. வட்டார வழக்குச் சொற்கள் மலிந்தவை அவை. இலக்கண விதியைக் கொடுங்கோலாட்சிக்கு ஒப்பிட்டவர் அவர். பதிப்பாளர்கள் அவர் வரிகளுக்குக் குறியிட்டு, எழுத்தைத் திருத்தி, ஒழுங்கு செய்தனர். அதனால் வாசகரைச் சென்றடைந்தார் என்பது உண்மை. எனினும், வரம்பில்லாத மேட்டுநிலம் போல் ஓடிய வரிகளும் அடைக்கப்பட்டன என்று சொல்லத் தோன்றுகிறது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அவருடைய மூலப்படிகள் உள்ளவாறே பதிப்பிக்கப்பட்டன. திருந்திய பாடமா, இயல்பான பாடமா என்று ஆய்வாளர் இன்றும் வழக்காடுகின்றனர்.

புகழ் விரைவில் தேய்ந்தது. 1832இல் மூன்று மைல் தொலைவிலுள்ள அடுத்த ஊருக்குக் குடிபெயர்ந்ததே அவருக்குப் பேரிழப்பாயிற்று. 1837இல் எஸ்ஸெக்ஸ் பகுதியின் மனநல விடுதியில் சேர்க்கப்பட்டார். 1841இல் அங்கிருந்து தப்பி, வழியில் புல்லைத் தின்று பசியாறி, எண்பது மைலுக்கு மேல் நடந்தே ஊர் திரும்பினார். அவ்வாண்டின் இறுதியில் நார்தாம்ப்டன் விடுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1864இல் அங்கேயே உயிர் நீத்தார். உடல் மட்டும் ஹெல்ப்ஸ்டனுக்குத் திரும்பியது. அவர் வாழ்ந்த குடிசையை 2005இல் ஓர் அறக்கட்டளை வாங்கிப் பொதுமக்கள் காணத் திறந்தது. பூங்காக்களின் மாளிகைகளைக் காணச் செல்வோர் அக்குடிசையையும் கண்டு வருதல் நன்று.

யாருக்கு உரியது அழகு?

போப்பைப் போலவே வில்லியம் வேர்ட்ஸ்வொர்த்தும் பிறர் நிலத்தில் தோட்டமிட்டவர். 1813 முதல் 1850 வரை அவர் வாழ்ந்த ரைடல் மவுண்ட், அயலிலிருந்த பிரபு குடும்பத்தின் வாடகை வீடு. அதன் சரிவில் அவரே மேடைகளையும் படிகளையும் வகுத்தார்; மேடைமேல் உலவியபடியே கவிதை புனைந்தார். வீட்டைவிட்டு வெளியேற நேரும் என்று அஞ்சியபோது, 1826இல் அருகே ஒரு துண்டு நிலம் வாங்கினார். வீடு பிழைத்தது, 1847இல் மகள் டோரா இறந்தாள். அந்நிலத்தில் அவள் நினைவாக டாஃபடில் மலர்ச்செடிகள் நடப்பட்டன. இன்றும் வசந்தத்தில் அவை பூக்கின்றன.

ஏரி நாட்டைப் பற்றி அவர் எழுதிய வழிகாட்டி நூல் 1810இல் முதல் வடிவம் பெற்று, 1835இல் நிறைவடைந்தது. காணும் கண்ணும் துய்க்கும் நெஞ்சும் உடைய ஒவ்வொருவருக்கும் பங்குள்ள ஒருவகை நாட்டுச் சொத்து அந்நிலம் என்னும் கருத்தை அதில் வெளியிட்டார். புரட்சியான எண்ணம் இது. ஆயினும் 1844இல் விண்டர்மியர் ஏரிக்கு இரயில்பாதை வரப்போவதாகச் செய்தி பரவியதும், தொழிலாளர் கூட்டம் வந்து குவியுமே என்று அதனை எதிர்த்து எழுதியவரும் அவரே. கண்ணும் நெஞ்சும் எல்லோருக்கும் உண்டு என்பதை ஏற்க அவருக்கே கடினமாயிருந்தது. இரயில் 1847இல் வந்தது.

அவர் விதைத்த எண்ணம் அவரைக் காட்டிலும் அகலமாக வளர்ந்தது. 1895இல் ஆக்டேவியா ஹில், ராபர்ட் ஹண்டர், ஹார்ட்விக் ரான்ஸ்லி ஆகிய மூவர் நேஷனல் டிரஸ்டை நிறுவினர். ரான்ஸ்லி ஏரி நாட்டுப் பாதிரியார், கவிதை எழுதியவர். 1932இல் கிண்டர் ஸ்கௌட் மலைவெளியில் மான்செஸ்டர் பகுதித் தொழிலாளர்கள் நடக்கும் உரிமை கேட்டுத் தடையை மீறி ஏறினர். ஐவர் சிறை சென்றனர். 1949இல் தேசியப் பூங்காச் சட்டமும், 2000இல் திறந்த வெளிகளில் நடக்கும் உரிமைச் சட்டமும் வந்தன.

பெருந்தோட்டங்களும் ஒவ்வொன்றாகக் கைமாறின. ஸ்டூர்ஹெட் 1946இல் நேஷனல் டிரஸ்டைச் சேர்ந்தது. அதன் வாரிசான ஒரே மகன் முதல் உலகப் போரில் மாண்டிருந்தான். ஸ்டோவின் தோட்டம் 1989இல் சேர்ந்தது. பெண்ணாகப் பிறந்ததால் தந்தையின் நோல் மாளிகைக்கு உரிமையிழந்த கவிஞர் விட்டா சாக்வில்-வெஸ்ட், 1930இல் கெண்ட் பகுதியின் சிசிங்ஹர்ஸ்ட்டில் இடிபாடுகளை வாங்கிக் கணவருடன் தோட்டமாக்கினார். 1938இல் ஒரு ஷில்லிங் கட்டணத்தில் அதைப் பொதுமக்களுக்குத் திறந்தார். தோட்டத்தைப் பற்றிய நெடும்பாட்டுக்கு 1946இல் கிடைத்த நூறு பவுண்டு பரிசையும் பூச்செடி வாங்கவே செலவிட்டார். அத்தோட்டம் 1967இல் பொதுச் சொத்தாயிற்று.

இவற்றுக்கெல்லாம் இன்று சீட்டு வாங்கி எவரும் செல்லலாம். செல்பவர் ஹா-ஹாவின் மேல் விளிம்பில் நின்று அந்த அழகை மனமாரத் துய்க்கட்டும். அது துய்க்கத் தக்கதே. பிறகு சற்றே சுற்றி நடந்து, மறுபக்கப் பள்ளத்தில் இறங்கி நிமிர்ந்து பார்க்கட்டும். அங்கிருந்து பார்த்தால் தெரிவது சுவர்.

கவிதை இரண்டு பக்கங்களிலும் நின்றிருக்கிறது. போப்பின் நுண்மையும் கிளேரின் நேர்மையும் ஒரே மண்ணின் விளைச்சல். பத்தாண்டு கண்ட நம் வட்டத்துக்கும் இதில் ஒரு சொல் உண்டு. வட்டம் என்றாலே அதற்குச் சுற்றுக்கோடு உண்டு. நாம் செம்மை என்று திருத்தும் சொல், தரம் என்று ஒதுக்கும் பாட்டு, கூட்டத்துக்கு அழைக்க மறந்த பெயர் ஆகியவற்றுள் எங்கேனும் நம் கண்ணுக்கே தெரியாத ஓர் அகழி ஓடுகிறதா என்பதை, அடுத்த பத்தாண்டைத் தொடங்குமுன் நாம் இறங்கிப் பார்த்துக்கொள்வது நன்று.